கெண்டைகள் ஆகாயத்தில் நின்ற வருடம்

கொழிஞ்சிவயல் கண்மாயில் கெண்டை மீன்கள் தண்ணீரை விட்டு எழும்பி ஆகாயத்தில் நிற்கத் தொடங்கியது ஒரு மாசி மாதம் மூன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு. அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கரைக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவரவர் இடம் போயிருந்தது, ஆகவே அந்த அதிசயத்தின் முதல் நாளில் எங்கள் ஊர் முழுக்கப் பேசியது யாருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பதைப் பற்றித்தான்.

மீன்கள் துள்ளவில்லை. வெயில் ஏறித் தண்ணீர் சூடானதும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன, வாயைத் திறந்து மூடின, பிறகு தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு எல்லை இருப்பதையே மறந்தவைபோல அதைக் கடந்து, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களின் உச்சி வரைக்கும் ஏறி, முந்தைய வருடங்களில் நாரைக் கூடுகள் இருந்த அதே உயரத்தில், வயிறு புடைத்த ஆயிரக்கணக்கான கெண்டைகள் வாலை மெதுவாக அசைத்தபடி நின்றன. விரால் ஏறவில்லை. கெளுத்தி ஏறவில்லை. வயிறு ஒட்டிய கெண்டைகள்கூட ஏறவில்லை. காக்கைகள் கொத்த வந்தபோது மேலே நின்றவை விலகி வழிவிட்டன, கூட்டத்தில் தெரியாதவரை இடித்துவிட்டால் நாம் விலகிக்கொள்வதுபோல. மூன்று மணிக்கு வெயில் சாய்ந்ததும் வந்த வழியே இறங்கித் தண்ணீருக்குள் போயின.

அவை யாருக்காகக் காத்திருந்தன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன், ஏனென்றால் அவை எதிர்பார்த்த விருந்தாளியை ஊரை விட்டு விரட்டியவன் நான்.

எங்கள் கண்மாய் அழிகண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் நாள் குறித்துச் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சொல்லிவிடுவோம், கரையில் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார், வீசிய உடனே எந்த ஊர்க்காரரும் கூடையோ வலையோ பழைய சேலையோ எடுத்துக்கொண்டு இறங்கிப் பிடிக்கலாம், பிடித்ததை விற்கக் கூடாது, குழம்பு வைத்து வந்தவர்களுக்குப் போட வேண்டும். துண்டு வீசும் உரிமை என் தங்கை ராக்கம்மாவின் புருஷன் சோணைமுத்துவின் குடும்பத்துக்கு. அதற்கு முந்தைய வைகாசியில் துண்டை வீசிவிட்டு வந்த சோணைமுத்து, எட்டுக் கிலோமீட்டர் தெற்கே பிரண்டைக்குளத்தில் கட்டிக்கொடுத்த தன் மகள் நாகஜோதியின் மாமியார் மருதாயியைப் பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்து, ஒரு முழுக் கெண்டையைத் தன் கையாலேயே இலையில் வைத்தான். நூறு பேர் விருந்தில், அவசரத்தில், வயிறு கீறாமல் சட்டிக்குப் போன ஒரே மீன் அது. மருதாயி அதைப் பிட்டதும் உள்ளேயிருந்து வெள்ளை நாடாவைப் போல ஒரு புழு, வெந்து, மடிப்பு மடிப்பாக, ஒரு முழ நீளத்துக்கு இலையில் வந்து விழுந்தது.

நாடாப்புழு எங்களுக்குப் புதிதில்லை, எடுத்து எறிந்துவிட்டுச் சமைப்போம். ஆனால் மருதாயி இலையைத் தன் பக்கமாக மூடாமல், எழவு வீட்டில் மூடுவதுபோல அந்தப் பக்கமாக மூடினார், கை கழுவினார், மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆவணியில் நாகஜோதி முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்தது, அதோடு சேர்ந்து இன்னொரு சேதியும் வந்தது. வளைகாப்புக்கு யாரும் வர வேண்டாம், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் புழுத்த ஊருக்கு அனுப்புவதாக இல்லை.

சோணைமுத்து அன்றையிலிருந்து சாப்பிடும்போது சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தான். ராக்கம்மா ஒரு டஜன் கண்ணாடி வளையலைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள், எப்போது கூப்பிட்டாலும் போவதற்கு. நான் தாய்மாமன், சீர் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவன், தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

புரட்டாசியில் மீன்வளத் துறையிலிருந்து ஜெசிந்தா என்ற டாக்டரம்மா வந்தார். பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, பறவையின் எச்சத்தில் புழுவின் முட்டை கண்மாயில் விழுகிறது, பொரிந்ததைக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப்பூச்சி தின்கிறது, பூச்சியைக் கெண்டை தின்கிறது, கெண்டையின் வயிற்றில் அது நாடாவாக வளர்கிறது, கெண்டையைப் பறவை தின்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். வேகவைத்துத் தின்றால் மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை, மீனும் பறவையும் சேர்ந்து இருக்கிற இடத்தில் இதுவும் இருக்கும், இதை இப்படியே விட்டுவிடுங்கள் என்று மூன்று தரம் சொன்னார். நான்தான் கையைத் தூக்கி, வட்டத்தில் எந்தக் கண்ணியை அறுத்தால் அது நிற்கும் என்று கேட்டேன். பேச்சுக்குச் சொல்வதென்றால் பறவை இல்லாவிட்டால் நின்றுபோகும் என்றார். பேச்சுக்குச் சொல்வதென்றால் என்ற பகுதியை நான் காதில் வாங்கவில்லை.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூடு கட்ட வரும் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் பயந்துவிடும் என்று எத்தனையோ தலைமுறையாகப் போட்டதில்லை, அதனால் வெடியை எந்தப் பக்கம் பற்றவைப்பது என்று தெரிந்தவரே ஊரில் கிடையாது. நான் சிவகாசியில் வெடிப்பெட்டிக்கு மேலே ஒட்டும் படங்களை அச்சடிக்கும் பிரஸ்ஸில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். ஊர்க் கூட்டத்தில், சோணைமுத்து மகளின் பெயரைச் சொல்லி அழுத பிறகு, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு சாக்கு நிறைய வாங்கிவந்து, அறுபது வயது ஆண்களுக்கெல்லாம் திரியைக் கிள்ளவும் கையை எட்டப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். தீபாவளியன்று காலை எட்டு மணிக்குக் கரை முழுக்க ஒரே நேரத்தில் கொளுத்தினோம். கண்மாயின் வெள்ளை அப்படியே பெயர்ந்து மேலே போயிற்று, மூன்று சுற்றுச் சுற்றியது, கீழே இருப்பது எங்கள் ஊர்தானா என்று சந்தேகப்பட்டதைப் போல இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு தெற்கே போயிற்று. ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன். நாகஜோதிக்காகத் தட்டினேனா, சத்தம் நன்றாக இருந்தது என்பதற்காகத் தட்டினேனா என்று அன்று ராத்திரியே கேட்டுக்கொண்டேன், இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

தெற்கே போனவை பிரண்டைக்குளம் கண்மாயில் இறங்கிக் கூடு கட்டின என்பது கார்த்திகையில் தெரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் ரோட்டில் பறவைப் படம் போட்ட பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனில் வந்து பார்த்தார்கள். மருதாயி கரையோரத்தில் பனங்கிழங்கு விற்றபடி, நல்ல ஊர் பார்த்துத்தான் பறவை இறங்கும் என்று சொல்வதாகக் கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகுதான் மாசி வந்தது, கெண்டைகள் எழும்பின.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பத்து மணிக்கு மேல் வெளியே போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டார்கள், மீனிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சட்டையில் விழுந்தால் கவிச்சி போவதில்லை. மிளகாய் காயப்போடுகிற களத்தைக் கிழக்கே மாற்றினார்கள். மினி பஸ் கண்டக்டர் கண்மாய்த் திருப்பத்தில் விசிலடித்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களைத் தலையை உள்ளே இழுக்கச் சொன்னார். மின்கம்பியில் நாலு கெண்டை பட்டு வறுபட்டு விழுந்ததும், ஆகாயத்தில் மீன் நிற்பதால் பத்திலிருந்து மூன்று வரை மின்சாரத்தை நிறுத்தும்படி ஊர் சார்பில் கடிதம் எழுதினேன். லைன்மேன் அதைப் படித்துவிட்டு, பகலில் கரண்டை நிறுத்துவதற்கு இவ்வளவு நியாயமான காரணத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துப் பெருக்கலை மேலே பார்த்துச் சொல்லிக்கொடுத்தார், ஒரு கிளைக்கு இத்தனை கெண்டை என்றால் பன்னிரண்டு கிளைக்கு எத்தனை என்று. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் காபியை மறந்து அண்ணாந்துகொண்டே இருந்ததில் பெண் சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாயிற்று.

ஒரே ஒரு தகராறு வந்தது. மாடி வீட்டுக்காரர் ஒருவர் ஒட்டடைக் கம்பில் கூடையைக் கட்டி மொட்டை மாடியிலிருந்தே ஏழு மீன்களை இறக்கிவிட்டார். தண்ணீரில் பிடித்தால்தான் கட்டுப்பாடு, காற்றில் பிடிக்கக் கூடாது என்று எவன் சொன்னான் என்று கேட்டார். ஊர் கூடியது. சோணைமுத்து எழுந்து, துண்டு வீசுகிற வரைக்கும் மீன் தண்ணீரில் நின்றாலும் ஒன்றுதான், ஆகாயத்தில் நின்றாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னான். ஏழு மீனுக்குப் பதிலாக மாடி வீட்டுக்காரர் ஏழு நாள் மேலே நிற்கும் மீன்களுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஆயிற்று. பருத்திக்கு மருந்தடிக்கும் டேங்கை ஏழு தண்ணீரில் கழுவி முதுகில் மாட்டிக்கொண்டு அவர் தெளித்ததைப் பார்த்து, மீன்கள் அதற்காகத் தாழ இறங்கி வந்ததைப் பார்த்து, தண்டனை இல்லாதவர்களும் டேங்கைக் கழுவத் தொடங்கினார்கள்.

ஆனால் நாள் போகப் போகக் கெண்டைகள் மெலிந்தன. வயிறு மட்டும் பெருத்தது. மூன்று மணிக்கு இறங்கியவை நாலு மணிக்கு இறங்கின, பிறகு ஐந்துக்கு. நாகஜோதிக்கும் மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. பங்குனி பிறந்தால் ஒன்பது. சோணைமுத்து கரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பான், அவன் எதை எண்ணுகிறான் என்று நான் கேட்டதில்லை.

பங்குனி இரண்டாம் தேதி ஜெசிந்தா டாக்டர் மறுபடி வந்தார். கண்மாயை அண்ணாந்து பார்த்தார், நோட்டில் உயரம் என்ற இடத்தில் பதினெட்டு அடி என்று எழுதிக்கொண்டார், ராக்கம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, இந்தப் புழு மீனுக்குள் எத்தனை வருடம் இருந்தாலும் முட்டையிடாது, பறவையின் வயிற்றுச் சூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இடும், அங்கே அதற்கு வாழ்வு நாலைந்து நாள்தான், அந்த நாலு நாளுக்காகத்தான் மீனை மேலே மேலே தள்ளிப் பறவையின் கண்ணில் படவைக்கிறது, இங்கே கொத்துவதற்கு ஆள் இல்லாததால் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கிறது என்றார். நான் அப்போதுதான் என் குற்றத்தைச் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னதை அவருடைய வார்த்தையாக ஊரில் பரப்பியதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, மோர் நன்றாக இருக்கிறது என்றார்.

ராக்கம்மா அம்மியில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப அதுவும் பிரசவத்துக்குப் போகணும்னு நிக்குது. நாம மறிச்சு வச்சிருக்கோம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "அங்க ஒருத்தி நம்ம பிள்ளைய மறிச்சு வச்சிருக்கா. இங்க நீங்க இத்தனையையும் மறிச்சு வச்சிருக்கீக. எந்த வாயால போயி அவளைக் கேப்பீக?"

சோணைமுத்து, பறவைகளைத் தட்டு வைத்து அழைத்துக் கூட்டி வரலாமா என்று கேட்டான். கூட்டில் குஞ்சு இருக்கும்போது எந்தத் தாயும் கிளம்ப மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியென்றால் நாம்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்றாள் ராக்கம்மா, அதைவிடச் சாதாரணமாக எதையும் சொல்ல முடியாது என்பதுபோல, மறுபடி நசுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கெண்டைகள் எழும்பி மர உயரத்துக்கு வந்ததும் சோணைமுத்து கரைமேல் ஏறி, வெள்ளைத் துண்டை ஒரு மூங்கிலில் கட்டினான். எத்தனையோ காலமாகத் துண்டு கண்மாயை நோக்கித்தான் வீசப்பட்டிருக்கிறது. அவன் கண்மாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தெற்கே பார்த்து வீசினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாடி வீட்டுக்காரர், மாப்பிள்ளை வேட்டி காயப்போடுகிறார் என்றார். பிறகு கருவேல மரங்களுக்கு மேலே நின்ற ஆயிரக்கணக்கான தலைகளும் ஒரே சமயத்தில் தெற்கே திரும்பின, முதல் கெண்டை கரையைக் கடந்தது, அதன் நிழல் எங்கள் காலடியில் விழுந்து நகர்ந்தது, நாங்கள் நிழலுக்குப் பின்னால் நடந்தோம்.

எட்டுக் கிலோமீட்டர். சோணைமுத்து மூங்கிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான், அவனுக்குப் பின்னால் முதுகில் டேங்க் மாட்டிய இருபது பேர் மேலே தண்ணீர் தெளித்தபடி போனார்கள், பெண்கள் குடங்களோடு டேங்கை நிரப்பினார்கள், தெளித்த தண்ணீர் வெயிலில் உடைந்து வழி நெடுகத் துண்டு துண்டாக வானவில் விழுந்தது, குழந்தைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். மேளக்காரர் சும்மா வர முடியாமல் அடிக்கத் தொடங்கினார். ரயில்வே கேட்டில் கேட்கீப்பர் எங்களை மறித்து நிறுத்தினார், கெண்டைகள் அவரைப் பொருட்படுத்தாமல் தண்டவாளத்துக்கு மேலே கடந்துபோய், ரயில் போய் நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அந்தப் பக்கம் புளியமரத்தில் நின்றன. நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றன. ஒரு டிரைவர் இறங்கி, இது எந்தக் கோயில் திருவிழா என்று கேட்டார். பிரசவத்துக்கு அனுப்பி வைக்கிறோம் என்று யாரோ சொன்னார்கள். அவர் புரிந்ததுபோல் தலையாட்டி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்.

நான் குடம் சுமந்துகொண்டு நடந்தேன். தின்னக் கொடுக்கத்தானே கூட்டிப் போகிறோம், இதற்கு மேளம் எதற்கு என்று ஒரு மனம் கேட்டது. மேலே ஏறிப் போக ஆசைப்படுவது மீனா, மீனுக்குள் இருக்கிற புழுவா, அப்படியானால் எனக்குள் நடந்துபோகிறவன் யார் என்றும் கேட்டது. மேளம் நன்றாக இருந்ததால் பதில் சொல்லாமல் விட்டேன்.

உச்சி வெயிலில் பிரண்டைக்குளம் கரையில் ஏறினோம். மரத்துக்கு மரம் கூடுகள், கூட்டுக்குக் கூடு வாயைப் பிளந்த குஞ்சுகள், காலையிலிருந்து இரை தேடிக் களைத்த தாய்கள். முதலில் ஒரு நாரை பார்த்தது. அது கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணாலும் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழும்பியது, பிறகு கண்மாயின் வெள்ளை முழுவதும் எழும்பியது. பறவைகள் தண்ணீரில் பாயாமல், கழுத்தை நனைக்காமல், பந்தியில் பரிமாறியதை எடுப்பதுபோல எடுத்தன. கூழைக்கடாக்கள் பையைத் திறந்துகொண்டு நின்றன, கெண்டைகள் தாமாகவே உள்ளே போயின. குஞ்சுகள் வாயை மூடுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சண்டை இல்லை, கிழிப்பு இல்லை. மேலே இருந்து எங்கள் எல்லார் மேலும் செதில்கள் மட்டும் மினுமினுவென்று உதிர்ந்தன.

மருதாயி பனங்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நாகஜோதி நின்றாள். சோணைமுத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு நாரையின் அலகிலிருந்து நழுவிய கெண்டை மருதாயியின் காலடியில் விழுந்து வயிறு விரிந்தது, வெள்ளை நாடா மண்ணில் நெளிந்தது.

மருதாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராக்கம்மாவைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு, நாங்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"எங்க கண்மாய் மீன்லயும் இருக்கு மதினி. மாசியில இருந்தே இருக்கு. கொல்லையில குழி தோண்டிப் புதைச்சுக்கிட்டு இருக்கேன்."

"எதுக்குப் புதைக்கணும்?" என்றாள் ராக்கம்மா. "தூக்கிப் போடுங்க. கொடுத்து வச்சது தின்னுட்டுப் போகட்டும்."

மருதாயி குனிந்தார். அந்த மீனை, நாடாவோடு சேர்த்து, இரண்டு கையாலும் எடுத்து, சாமிக்குப் பூ எறிவதைப்போல மேலே எறிந்தார். ஒரு நீர்க்காகம் அதை வாங்கிக்கொண்டு போயிற்று. போன பிறகும் கொஞ்ச நேரம் அவருடைய கைகள் மேலேயே இருந்தன, இறங்கியபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது, அதை மறைப்பதற்காக மருமகள் பக்கம் திரும்பி, "என்னத்தா பாத்துக்கிட்டு நிக்குற, உங்க அம்மா வந்திருக்கால்ல, கையை நீட்டு" என்று அதட்டினார்.

ராக்கம்மா மடியை அவிழ்த்தாள். ஏழு மாதமாகக் கட்டியிருந்ததில் துணி நைந்திருந்தது, பன்னிரண்டில் ஒரு வளையல்கூட உடையவில்லை. பிரண்டைக்குளத்துப் பெண்கள் சந்தனம் கொண்டுவர ஓடினார்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரில் கரைத்தார்கள், முதல் வளையலை மருதாயிதான் போட்டார். நான் சீர் எதுவும் கொண்டுவரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். மருதாயி ஆகாயத்தைக் காட்டி, இதுக்கு மேல எவன் கொண்டுவருவான் என்றார்.

தலைப்பிரசவத்துக்குப் போகிற பெண் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. நாகஜோதி அப்படியே வந்தாள். மினி பஸ்ஸில் ஆண்கள் எல்லாரும் கூரைமேலும் படியிலும் ஏறிக்கொள்ள, தாய்மாமன் என்பதால் எனக்கு மட்டும் உள்ளே அவளுக்கு எதிரில் இடம் கிடைத்தது. ரயில்வே கேட் வருகிற வரைக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னை வரவிடாமல் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு, வெடி வாங்கியவன் நான், பறவைகளை விரட்டியவன் நான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் வளையல்களை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டாள்.

"தெரியும் மாமா. அந்தச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. தீவாளிக்கு முதல்நாளு ராத்திரி பூரா அழுதுக்கிட்டே கெடந்தேன். காலையில சத்தம் கேட்டு எந்திரிச்சு வெளிய வந்தா, வானம் வெள்ளையா வந்து எங்க கண்மாயில இறங்குது. எல்லாம் நம்ம ஊரு மூஞ்சி. அந்த ஒத்தக்கால் நாரைகூட இருந்துச்சு. எனக்குத் துணைக்கு நீங்கதான் அனுப்பியிருக்கீகன்னு நெனச்சேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல வேண்டும், அது துணை இல்லை, துரத்தல் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று துடிக்கிற அந்தப் புத்திதான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கியது என்றும் தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

நாகஜோதி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "பசிக்குதும்மா" என்றாள்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மடியை அவிழ்த்தார்கள்.